கியூப் ரிசல்ட்டை மாற்றச் சொன்னால் சைட் இன்ஜினியர் என்ன செய்வது?

கேட்டிருப்பவர் டிப்ளமா சிவில் முடித்து இரண்டு வருடம் ஆனவர். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் ஒன்றில், பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறைக் கட்டடம் கட்டும் ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறார். தரைத்தளத் தூண்களுக்கு எம் 25 கான்கிரீட் போட்டாயிற்று. அதே கான்கிரீட்டில் சோதனைக்கென்று வார்த்து வைத்த கியூபை (கனசதுரக் கட்டியை) ஏழாம் நாள் உடைத்ததில் சராசரி, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 11 நியூட்டன்தான் வந்திருக்கிறது. முதலாளி, "28-ஆம் நாளுக்கு வேறு கியூப் போட்டு வை. சிமெண்ட் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக்கோ, தேதி மட்டும் பழைய தேதி எழுது. எல்லா சைட்டிலும் நடக்கிறதுதான். கையெழுத்துப் போடப்போவது ஏ.இ. (அரசு உதவிப் பொறியாளர்), உனக்கென்ன?" என்று சொல்லியிருக்கிறார். "மெட்டீரியல் மட்டம் என்று எனக்கே தெரிகிறது. நான் மறுத்தால் வேலை போகும், இன்னொருவன் வந்து அதையே செய்வான், கட்டடம் மாறப்போவதில்லை. அப்படியானால் என் பொறுப்பு எதுவரை?" இதுதான் அவருடைய கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்தத் தூண்கள் பலவீனமானவையா என்பது ஒன்று. பலவீனமானவை என்று காட்டக்கூடிய பதிவை மாற்றி எழுதலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இங்கிருந்து யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்குப் பதில் உறுதியானது: கூடாது. தொழிலில் நிறையப் பேர் முதல் கேள்வியின் சந்தேகத்தை எடுத்து இரண்டாவதற்குச் சமாதானமாக வைத்துக்கொள்கிறார்கள். "எப்படியும் நிற்கத்தான் போகிறது, காகிதத்தில் என்ன இருந்தால் என்ன" என்பார்கள். எல்லையில் உள்ள வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தரக்கட்டுப்பாட்டு வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்துவிட்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் அந்த 11. எம் 25 என்றால் 150 மில்லிமீட்டர் கியூப் 28-ஆம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். நூறு ரிசல்ட்டில் ஐந்துக்கு மேல் அதற்குக் கீழே போகக் கூடாது. அதாவது மெஷினில் வைத்து அழுத்தினால் ஏறக்குறைய 57 டன் வரை உடையாமல் நிற்க வேண்டும். உங்கள் கியூப் ஏழாம் நாளில் சுமார் 25 டன்னில் உடைந்திருக்கிறது. சாதாரண சிமெண்டில் ஏழு நாளுக்கு மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்துவிடும் என்பது நாம் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் மெதுவாக ஏறும், அதற்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தாலும் 11 என்பது நல்ல அறிகுறி இல்லை. ஆனால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 தீர்ப்புச் சொல்வது 28-ஆம் நாள் ரிசல்ட்டை வைத்துத்தான். ஏழாம் நாள் ரிசல்ட் ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். அதனால் இந்தக் கட்டத்தில் "தூண் மட்டம்" என்று நீங்களும் முடிவு கட்ட வேண்டாம், "ஒன்றும் இல்லை" என்று உங்கள் முதலாளியும் முடிவு கட்ட வேண்டாம்.

ஏனென்றால் கியூப் தோற்றால் கான்கிரீட்டும் தோற்றது என்று உடனே அர்த்தம் ஆகிவிடாது. மோல்டு கோணலாக இருந்திருக்கலாம். மூன்று அடுக்காக நிரப்பி ஒவ்வோர் அடுக்கையும் குத்தாமல் ஒரே கொட்டாகக் கொட்டியிருக்கலாம். மறுநாள் மோல்டைக் கழற்றித் தொட்டியில் போடாமல் சிமெண்ட் ஷெட் ஓரத்தில் வெயிலில் வைத்திருக்கலாம். நம் பக்கம் சின்ன சைட்டுகளில் இது மூன்றும் நான் அடிக்கடி பார்த்தவை. உள்ளே நல்ல கான்கிரீட் இருந்தும் கியூப் மோசமாக வந்த கட்டடங்கள் உண்டு. இதைச் சொல்வதற்குக் காரணம், உண்மையான கியூபை வைத்து உண்மையாக விசாரித்தால் அது உங்கள் முதலாளிக்குச் சாதகமாகவும் முடியலாம். பொய் கியூப் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது. தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்குப் பொய்ப் பதிவேடு பெரும்பாலும் பார்த்தவுடனே தெரியும். நிஜமான மூன்று கியூப் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம். சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலகலை விதியே அனுமதிக்கிறது. மாதக்கணக்கில் 26.2, 26.4, 26.3 என்று வழுவழுப்பாக ஓடும் பதிவேட்டைப் பார்த்தால், அதை எழுதியவர் மெஷின் பக்கமே போகவில்லை என்று புரிந்துகொள்வோம்.

இனி மெட்டீரியல். நீங்கள் "மட்டம்" என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள், எது மட்டம் என்று எழுதவில்லை. இது முக்கியம். அரசுக் கட்டட வேலையில் பலம் குறைவதற்குக் கெட்ட பொருள் மட்டும் காரணம் இல்லை. நல்ல பொருளைக் கெட்டபடி பயன்படுத்துவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். அதில் முதல் இடம் தண்ணீருக்கு. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 0.5 விகிதத்தில் 25 லிட்டர் தண்ணீர். அதோடு சேரும் மணல் நூறு கிலோ என்றும், அது ஐந்து சதவீதம் ஈரமாக இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டர் ஏற்கெனவே மணலிலேயே வந்துவிட்டது. அதைக் கழிக்காமல் 25 லிட்டரை அப்படியே ஊற்றினால் விகிதம் 0.6. பலம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அப்புறம் கலவை இறுகலாக இருக்கிறது, தூணுக்குள் இறங்க மாட்டேன் என்கிறது என்று மேஸ்திரி இன்னும் அரை வாளி கேட்பார். இதில் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் எம் 25 அங்கேயே எம் 15 ஆகிவிடுகிறது. இன்னொன்று, ஐ.எஸ். 456 பெயரளவுக் கலவையை (நிலையான விகிதத்தில் அப்படியே கலப்பதை) எம் 20 வரைதான் அனுமதிக்கிறது. எம் 25-க்கு டிசைன் மிக்ஸ், அதாவது அந்தந்தப் பொருளைச் சோதித்துக் கணக்கிட்ட கலவை, வேண்டும். சட்டிக் கணக்கில் எம் 25 போடுகிறார்கள் என்றால் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது, அது உங்கள் தவறு மட்டும் அல்ல.

மணல் விஷயம் எல்லையோரத்தில் தனிக் கதை. கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கத்து கிரஷர்களிலிருந்து வேலந்தாவளம், கோபாலபுரம், நடுப்புணி, கோவிந்தாபுரம் வழியாக எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) கேரளப் பக்கம் போகிறது. தமிழ்நாட்டில் எம்-சாண்ட் ஆலைகளுக்குப் பொதுப்பணித்துறை சோதித்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் சான்று ஆலைக்குத்தான், லாரிக்கு இல்லை. பில்லில் ஒரு கிரஷர் பெயரும் லோடில் வேறொரு கிரஷர் மாலும் இருப்பது நடக்காத விஷயம் இல்லை. எல்லை தாண்டிவிட்டால் கேட்பார் குறைவு: இந்தப் பக்கத்து அதிகாரிக்கு அது போன மால், அந்தப் பக்கத்து அதிகாரிக்கு அது சான்றோடு வந்த மால். எம்-சாண்டையும் வெறும் கிரஷர் பவுடரையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். 75 மைக்ரான் சல்லடை வழியாக இறங்கும் தூள், உடைத்த மணலில் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 383. கண்ணாடி பாட்டிலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்து மேலே படியும் சேற்றைப் பார்ப்பது உங்கள் சந்தேகத்தை எழுப்பப் போதும், யாரையும் குற்றம் சொல்லப் போதாது. கழுவிச் சலித்த லேப் ரிப்போர்ட்தான் ஆதாரம். பவுடர் அதிகமானால் அது தண்ணீரை இழுக்கும், மேஸ்திரி மறுபடியும் வாளியைத் தூக்குவார். பிரச்சினை சுற்றி மறுபடி தண்ணீரில் வந்து நிற்கும்.

கம்பியில் நிலைமை இதைவிடத் தெளிவு, ஏனென்றால் தராசு போதும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. 395 கிராம், 12 மி.மீ. 888 கிராம், 16 மி.மீ. 1.58 கிலோ. ஐ.எஸ். 1786 மொத்த லாட்டில் 10 மி.மீ. வரை ஏழு சதவீதமும், அதற்கு மேல் 16 வரை ஐந்து சதவீதமும், அதற்கும் மேல் மூன்று சதவீதமும்தான் முன்பின் அனுமதிக்கிறது. ஒப்பந்ததாரர் கடையில் எடைக்கு வாங்குவார்; அரசிடம் நீளத்தை அளந்து, அட்டவணை எடையால் பெருக்கிப் பில் போடுவார். மெலிந்த கம்பி வாங்குவதில் லாபம் எங்கே இருக்கிறது என்று இப்போது புரியும். வெட்டி விழுந்த துண்டுகளில் ஒரு மீட்டரைச் சரியாக அளந்து மளிகைக் கடைத் தராசில் வைத்தால் போதும். 12 மி.மீ. துண்டு 800 கிராம் காட்டினால் அந்தக் கம்பியை நிறுத்தி வைத்து லாட்டை லேபுக்கு அனுப்பச் சொல்லப் போதுமான காரணம் உங்கள் கையில் இருக்கிறது. அந்தக் கம்பியால் கட்டடம் விழும் என்பது இதிலிருந்து நிரூபணம் ஆகாது. பாதுகாப்புக் காரணி என்று ஒன்றை டிசைனில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காரணி எதிர்பாராத பாரத்துக்கும், ஆட்களின் சின்னச் சின்னத் தவறுக்கும் என்று வைத்தது. அதை ஒருவர் தன் லாபத்துக்காக முன்கூட்டியே எடுத்துச் செலவழித்துவிட்டால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் அது இருக்காது.

சிமெண்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதுக்கரையிலும் வாளையாரிலும் ஆலை வைத்திருக்கும் பகுதி இது, பழைய சிமெண்ட் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மூட்டையில் வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியிருந்தால் சோதிக்காமல் போடாதீர்கள். திருட்டு பெரும்பாலும் தரத்தில் நடப்பதில்லை, மூட்டை எண்ணிக்கையில் நடக்கிறது. அன்றன்று காலியான சாக்கை எண்ணி எழுதி வையுங்கள்.

இப்போது அந்தப் பொய்க் கியூபுக்கு வருகிறேன். மட்டமான கான்கிரீட்டைவிடப் பொய்யான ரிசல்ட் ஆபத்தானது என்று நான் நினைக்கிறேன், இதை அழுத்தியே சொல்கிறேன். தூண் பலவீனம் என்று தெரிந்தால் அதற்கு வழி இருக்கிறது. தூணைத் துளைத்துக் கோர் (உருளை வடிவத் துண்டு) எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம், டிசைன் செய்தவரிடம் மறுபடி கணக்குப் போடச் சொல்லலாம், தூணைச் சுற்றிக் கம்பி கட்டி ஜாக்கெட்டிங் செய்யலாம், மேலே இரண்டாவது மாடி எழுப்ப வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். தரைத்தளம் மட்டும் நிற்கும் இந்த நேரத்தில் இதற்கெல்லாம் ஆகும் செலவு குறைவு. தெரியவில்லை என்றால் எதுவும் நடக்காது. பத்து வருடம் கழித்து அதே பள்ளிக்கு இன்னொரு மாடி கேட்பார்கள், அப்போது வரும் இன்ஜினியர் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்ப்பார், அதில் எம் 25 பாஸ் என்று இருக்கும். அவர் அதை நம்பித்தான் கணக்குப் போடுவார். நீங்கள் எழுதும் பொய்யை நம்பப்போவது ஏ.இ. இல்லை, அவருக்கு விஷயம் தெரிந்திருக்கலாம். முகம் தெரியாத அந்தப் பிற்கால இன்ஜினியரும், கீழே உட்கார்ந்து படிக்கும் குழந்தைகளும்தான் நம்பப்போகிறார்கள்.

பாலாரிவட்டம் மேம்பாலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொச்சியில் 2016 அக்டோபரில் திறந்தார்கள், 2019 மே மாதம் விரிசல்களால் மூடினார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வு செய்தது. அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் நடந்த வாதம், பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்த்தால் போதுமா, மேல்பகுதியைப் பிரித்துக் கட்டியே ஆக வேண்டுமா என்பதுதான். கேரள உயர் நீதிமன்றம் பாரச் சோதனை செய்யச் சொன்னது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அரசு தன் முடிவுப்படி மறுபடி கட்டலாம் என்றது. டெல்லி மெட்ரோ நிறுவனம் கட்டி முடித்து 2021 மார்ச் 7-ஆம் தேதி மீண்டும் திறந்தார்கள். முன்னாள் அமைச்சர் ஒருவரும் பொதுப்பணித்துறையின் செயலாளராக இருந்த ஒருவரும் கைதானார்கள். யார் குற்றவாளி என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது, நான் சொல்லக் கூடாது. பொறியாளர் என்ற முறையில் அதில் நான் பார்ப்பது வேறு விஷயம். பாலம் விழவில்லை. ஒருவரும் சாகவில்லை. ஆனாலும் புதிதாகக் கட்டிய ஒரு பாலத்தை இதுவரை தாங்கியது, இனியும் தாங்கும் என்று யாராலும் மற்றவர்கள் நம்பும்படி சொல்ல முடியவில்லை. இன்று தாங்குகிறதா என்பதை பாரச் சோதனை காட்டும், இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பதைக் காட்டாது. அதைச் சொல்லக்கூடியது கட்டும்போது எழுதிய நம்பகமான பதிவு ஒன்றுதான்.

"கையெழுத்து ஏ.இ. போடுவார், உனக்கென்ன" என்பதற்கு வருவோம். எம் புக்கில் (அளவுப் புத்தகத்தில்) அளவை எழுதிக் கையெழுத்திடுவது அரசுப் பொறியாளர் என்பது உண்மை. அவருடைய பொறுப்பு உங்களுடையதைவிடப் பெரியது என்பதும் உண்மை. ஆனால் கியூப் பதிவேட்டில் தேதியை மாற்றி எழுதுவது உங்கள் கை. ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கையோ பதிவையோ பொய்யாக்கும் ஊழியரை, அவர் தனியார் நிறுவன ஊழியராக இருந்தாலும், தண்டிக்கும் பிரிவு பழைய தண்டனைச் சட்டத்தில் 477ஏ என்று இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஏழு வருடம் வரை சிறை. விஷயம் வெடிக்கும்போது "முதலாளி சொன்னார்" என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்காது, உங்கள் கையெழுத்து மட்டும் இருக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில், வக்கீலுக்கு பார் கவுன்சில், ஆர்க்கிடெக்டுக்கு 1972 சட்டம் இருக்கிறது. இன்ஜினியருக்கு நாடு முழுவதற்குமான அப்படி ஒரு சட்டமே இந்தியாவில் இல்லை. இன்ஜினியர்கள் சங்கத்தின் நன்னெறி விதிகள் அதன் உறுப்பினர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தப்புச் செய்தால் உரிமத்தைப் பறிக்க ஆள் இல்லை, சரி. நேர்மையாக நின்றால் தோள் கொடுக்கவும் ஆள் இல்லை. இது அநியாயம், இதை மாற்ற வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறோம்.

"எல்லாரும் செய்கிறார்கள்" என்ற வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன், அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்டிமேட்டுக்கு வெகு கீழே போட்டு டெண்டர் எடுக்கிறார்கள். பில் பணம் மாதக்கணக்கில் வராது, வட்டிக்கு வாங்கி வேலை ஓட்டுகிறார்கள். இடையில் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்கிறார்கள். இத்தனையும் போன பிறகு மிச்சம் பிடிக்க சிமெண்ட், கம்பி, கூலி இந்த மூன்றுதான் இருக்கிறது. உங்கள் முதலாளி கொடியவர் என்று நான் நினைக்கவில்லை, நெருக்கடியில் இருப்பவர். ஆனால் அந்த நெருக்கடியைப் பள்ளிக்கூடத் தூணுக்குள் இறக்கி வைக்க அவருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. டெண்டரில் தாங்க முடியாத விலை போட்டது ஒரு வியாபார முடிவு, அதன் நஷ்டம் வியாபாரத்தோடு நிற்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? முதலில் பணம் செலவாகாததைச் செய்யுங்கள். வாளிக்கு அளவுக் கோடு போடுங்கள். கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விட வைக்கும் கட்டை) இல்லாமல் கம்பியைக் கட்ட விடாதீர்கள். வைப்ரேட்டரை முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள். பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது பத்து நாள் தண்ணீர் விட வேண்டும். தூணுக்குச் சாக்கு சுற்றி நனைக்கச் சொல்லுங்கள், காலையில் ஒரு குடம் தெளிப்பது கியூரிங் இல்லை. இன்று மிக்சரில் நிற்பவர்கள் பெரும்பாலும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகள். நமது தமிழும் அந்த ஊர் மலையாளமும் அவர்களுக்குப் புரியாது. கோடு போட்ட வாளி புரியும். இதற்கெல்லாம் எந்த முதலாளியும் உங்களை வேலையை விட்டு அனுப்ப மாட்டார். இனி போடும் கான்கிரீட்டுக்காவது இதனால் பலன் இருக்கும்.

பழைய தூண்களைப் பற்றி முதலாளியிடம் பேசும்போது குற்றச்சாட்டாகப் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் போதும்: "சார், 7-ஆம் நாள் கியூப் 11 வந்திருக்கிறது. 28-ஆம் நாள் ரிசல்ட் குறைந்தால் ஐ.எஸ். 456-படி கோர் எடுத்துப் பார்க்கலாமா? மேல் ஸ்லாப் போடும் முன் தெரிந்தால் நமக்குச் செலவு குறைவு." இதில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு மிரட்டலும் இல்லை, தேதியோடு பதிவாகிவிடும். மாற்றி எழுதச் சொன்னால் "வந்த ரிசல்ட்டை அப்படியே எழுதித் தருகிறேன், அதில் கையெழுத்துப் போடுகிறேன். மாற்றி எழுத என்னால் முடியாது" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம், விவாதம் எதுவும் வேண்டாம். உங்களுக்கென்று ஒரு நோட்டு வைத்து அன்றன்றைய வேலை, மூட்டை எண்ணிக்கை, லோடு சீட்டு எண், வந்து பார்த்தவர் யார் என்பதை எழுதுங்கள். பின்னால் யோசித்து எழுதியதை யாரும் மதிக்க மாட்டார்கள், அன்றே எழுதியதை நீதிமன்றமும் மதிக்கும்.

அதற்கு மேலும் போக வேண்டி வந்தால், வழி இருக்கிறது, ஆனால் தனியாகப் போகாதீர்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜெ), ஆவண நகல் மட்டும் இல்லை, வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை கொடுக்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. பத்து ரூபாய் கட்டி, பஞ்சாயத்து அலுவலகத்தில், அந்த ஊரில் பிள்ளையைப் படிக்க வைக்கும் எந்தப் பெற்றோரும் கியூப் பதிவேட்டின் நகலையும் மணலின் மாதிரியையும் கேட்கலாம். அதிகாரிகள் மாதிரி கொடுக்கத் தயங்குவார்கள், மேல்முறையீடு போக வேண்டியிருக்கும். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். வார்டு கிராம சபையில் எழுப்பலாம். லஞ்சம் கைமாறியது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமானால் கேரள ஊழல் தடுப்புப் பிரிவான விஜிலன்ஸின் 1064 எண் இருக்கிறது. தெரியாமல், ஊகத்தில் அதற்குப் போகாதீர்கள். சமூக ஊடகத்தில் படம் போடுவது கடைசி வழிகூட இல்லை, அது ஆதாரத்தை அழிக்க எதிராளிக்கு அவகாசம் கொடுக்கும்.

தனியாகப் போகாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் சத்யேந்திர துபே. நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்தவர், தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார், தன் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அதிகாலை கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணை அதை வழிப்பறிக் கொலை என்று முடித்தது, அந்த முடிவை ஏற்காதவர்கள் நிறையப் பேர். பெயர் மறைக்கப்படவில்லை என்பதில் மட்டும் இரண்டு கருத்து இல்லை. அதன் பிறகுதான் 2004-இல் மத்திய அரசு ஊழல் தகவல் தருவோரைக் காக்க ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. 2014-இல் முழுச் சட்டமே நிறைவேறியது, ஆனால் அது இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆகவே உங்களிடம் வீரத்தை நான் கேட்கவில்லை. பொய் எழுத மறுப்பது உங்கள் கடமை. ஊழலைத் துரத்திப் பிடிப்பது உங்கள் வயதில், உங்கள் நிலையில், உங்கள் கடமை இல்லை. விரும்பினால் ஊர்க்காரர்களோடும் ஒரு வக்கீலோடும் சேர்ந்து செய்யுங்கள்.

வேலை போகுமா? போகலாம். போகாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் கோயம்புத்தூர் அரை மணி, ஒரு மணி தூரம். கியூபை ஒழுங்காகப் போடத் தெரிந்த, பதிவேட்டை ஒழுங்காக வைக்கத் தெரிந்த டிப்ளமாக்காரருக்கு அங்கே ரெடிமிக்ஸ் பிளாண்டுகளிலும் டெஸ்டிங் லேப்களிலும் வேலை இருக்கிறது. வேறு வேலைக்கு இன்றே சொல்லி வையுங்கள், அதற்குப் பிறகு முதலாளியிடம் பேசுங்கள். "இன்னொருவன் வந்து செய்வான்" என்றீர்கள். செய்யலாம். ஆனால் அசல் 28-ஆம் நாள் கியூப்கள் ரிசல்ட் எழுதப்பட்டு உடைபட்ட பிறகு வருபவனுக்குப் பொய் எழுதுவது அவ்வளவு எளிதில்லை. அந்தக் கியூப்கள் இன்னும் தொட்டியில் இருக்கின்றன அல்லவா? அவற்றின் மேல் எண்ணும் தேதியும் அழியாமல் இருக்கின்றனவா என்று நாளைக்கே பாருங்கள்.

28-ஆம் நாள் ரிசல்ட்டும் குறைந்து கோர் எடுக்க ஒப்புக்கொண்டால் சில விஷயங்களைக் கவனியுங்கள். குறைந்தது மூன்று கோர். இருபது எம்.எம். ஜல்லிக்குக் கோரின் விட்டம் 60 எம்.எம்.-க்குக் கீழே போகக் கூடாது. 230 எம்.எம். அகலத் தூணில் 75 போதும், 100 போட்டால் கம்பியில் இடிக்கும். கம்பி எங்கே என்று மீட்டர் வைத்துக் குறித்த பிறகே துளை போடட்டும். தூணின் உச்சியில் எடுக்காதீர்கள், தண்ணீர் மேலேறி அங்கே கான்கிரீட் இயல்பாகவே பலம் குறைவாக இருக்கும், அது ஒப்பந்ததாரருக்கு அநியாயம். மூன்றின் சராசரி, அந்த வயதுக்கு உரிய கியூப் பலத்தில் 85 சதவீதமும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் விதிப்படி அந்தக் கான்கிரீட் ஏற்கத்தக்கது. எம் 25-க்கு அது 21.25, 18.75. ரீபவுண்டு சுத்தியலை (மேற்பரப்பில் தட்டிப் பலத்தை மதிப்பிடும் கருவியை) மட்டும் தட்டிவிட்டு "25 காட்டுகிறது" என்றால் ஏற்காதீர்கள், அதன் மதிப்பீடு 25 சதவீதம் வரை முன்பின் போகும். பாரச் சோதனை ஸ்லாபுக்கும் பீமுக்கும் உரியது, தூணுக்கு உதவாது. கோர் எடுத்த ஓட்டையைச் சுருங்காத கிரவுட்டால் அன்றே அடைத்து, எந்தத் தூண், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று படத்தில் குறித்துப் பதிவேட்டில் சேருங்கள். ரிசல்ட் வந்ததும் சிமெண்ட் வகை, கியூப் போட்ட தேதி, கோர் எண்கள் மூன்றையும் எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.